டோரீன் ராத்தல் ஏறிய படகு

டோரீன் ராத்தலுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. குளிக்கிற தொட்டியில்கூடக் கணுக்கால் நனைகிற அளவுக்கு மேல் நிரப்பமாட்டாள். ஹாரோசைக் ஏரிக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்து, ஞாயிறு தவறாமல் அந்த ஏரியிலேயே கிடக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு, முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள், ஏரிக்கரைப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பிழைப்புக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். மலைச்சாலையில் பனி இறுகிக் கிடக்கும் ஜனவரியிலும் அந்த வண்டி நின்றது கிடையாது. ஒரு தடவை எதிரே வந்த செம்மறிக் கூட்டத்தைப் பார்த்து அவள் போட்ட அதட்டலில், ஆடுகள் தாமாகவே இரண்டு வரிசையாகப் பிரிந்து வழிவிட்டன என்பார்கள். அந்த ஆடுகளில் ஒன்றை நான் விசாரித்தேன். உண்மைதான் என்றது.

அப்படிப்பட்டவள் போன வருஷம் மார்ச் மாதத்தில், புருஷனின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் தூண்டில் கம்போடு, எங்கள் மீன்பிடி சங்கக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நான் அங்கே தேநீரும் பட்டாணி சூப்பும் போடுகிறவள். கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்ன பாக்குற? என்னையும் சங்கத்துல சேத்துக்கோங்க" என்றாள்.

"நீயா? உனக்குத்தான் தண்ணின்னா…"

"தண்ணியக் குடிக்கப் போறதில்ல. சேத்துக்குவீங்களா, மாட்டீங்களா?"

ஏன் வந்தாள் என்பது அவளைச் சேர்த்துக்கொண்ட எல்லோருக்கும் தெரியும். அவளுடைய புருஷன் கிளிஃப், அதற்கு முந்தைய அக்டோபரில் அந்த ஏரியில்தான் செத்துப் போனான்.

கிளிஃப் குவாரியில் கல்லுடைத்தவன். குவாரியை மூடியதிலிருந்து அவனுக்குப் பேச்சுக் குறைந்தது. ஞாயிறு மட்டும் வந்துகொண்டிருந்தவன் எல்லா நாளும் ஏரிக்கு வர ஆரம்பித்தான். படகில் அவனுக்குத் துணை எப்போதும் ஆர்னல்ட் தாக்ரே. ஆர்னல்டுக்குத் தொழில், காரை பூசாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கி வயல்களுக்குச் சுவர் எழுப்புவது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பொய் சொல்ல வராது. மீன் பிடிக்கிற ஊரில் அது ஒரு ஊனம் மாதிரி. மற்றவர்களின் மீன், படகுத்துறையில் இரண்டு பவுண்டு எடை இருந்தால், கொட்டகைக்கு வந்து சேருவதற்குள் மூன்று ஆகும். நான் தேநீர் ஊற்றிக் கொடுப்பதற்குள் நாலைத் தொடும். ஆர்னல்டின் மீன் மட்டும் செத்தபோது என்ன எடையோ அதே எடையில் கிடக்கும். அதனால் அவனோடு பேசிக்கொண்டிருக்க யாருக்கும் பிடிக்காது. கிளிஃபுக்கு மட்டும் பிடித்தது.

காற்று வலுத்த ஒரு பிற்பகலில் இருவர் போன படகில் ஆர்னல்ட் மட்டும் திரும்பி வந்தான். சாவு விசாரணையில் அதிகாரி எத்தனை விதமாகக் கேட்டும் அவன் சொன்னது இவ்வளவுதான்: "எழுந்து நின்னான். விழுந்துட்டான்."

லைஃப் ஜாக்கெட்டைக் கிளிஃப் மாட்டிக்கொள்ளவில்லை; ஈரப் பலகையில் உட்கார மெத்தையாகப் போட்டிருந்தான். அது எங்களில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். ஆனால் எழுந்து நிற்பது? புதிதாகப் படகில் ஏறுகிறவன் இடுப்பை அரை அடி உயர்த்தினாலே, "நில்லுடா, நல்லா நில்லு, சவப்பெட்டிக்கு அளவெடுக்க வசதியா இருக்கும்" என்று ஏரி அதிரக் கத்துகிறவன் கிளிஃப். அவனா எழுந்து நின்றான்? எதற்காக?

ஊர் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? ரொட்டிக்கடை வரிசையில் டோரீனுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர், அவள் பின்னால் நிற்பது தெரியாமல் பேசிக்கொண்டார்கள்.

"குவாரி மூடினதிலேருந்தே அவன் ஒரு மாதிரிதான் இருந்தான்."

"பாவம். ஆனா பெண்டாட்டிய நெனச்சுப் பாக்க வேணாம்?"

டோரீன் ரொட்டி வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. அவன் விழுந்தானா, குதித்தானா? இதற்குப் பதில் தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருவன். அவனோ அவளைக் கண்டால் ஓடினான். அவள் சாராயக்கடையின் முன்வாசலில் நுழைந்தால் அவன் பின்வாசலில் வெளியேறினான். அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்; அவன் கரி கொட்டிவைக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அவள் போன பிறகு கன்னங்கரேலென்று வெளியே வந்தான். பாதி கட்டிய சுவரை அப்படியே விட்டுவிட்டு மலையேறிப் போனதும் உண்டு.

ஓட முடியாத இடம் ஒன்றுதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அந்தக் குளிர்காலம் முழுதும் பிடித்தது.

எங்கள் சங்கத்தில் மாதம் ஒரு போட்டி. படகுக்கு இருவர். யாருக்கு யார் துணை என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். பெயர் எழுதிய சீட்டுகள் என்னுடைய பெரிய தேநீர்க் கெண்டிக்குள் போகும். ஏரியில் மீன் வாங்கி விடுகிற ஏரிக்காரன் ஹெப்டன் கையை விட்டு எடுப்பான். சீட்டில் வந்த துணையை வேண்டாம் என்று சொன்னவன் இன்றுவரை இல்லை. அண்ணன் தம்பி சொத்துச் சண்டையில் கோர்ட்டுக்குப் போயிருந்தாலும், சீட்டில் சேர்ந்து வந்துவிட்டால் காலையிலிருந்து மாலை வரை ஒரே படகில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒற்றையாய் மிஞ்சுகிற ஆள் கரையில் நின்று பிடிக்கலாம். யாராவது விலகினால் அந்த இடம் அவனுக்கு.

இதற்காகத்தான் டோரீன் தூண்டில் வீசக் கற்றுக்கொண்டாள். எங்கள் ஊர்த் தூண்டிலில் புழு கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிதான். எடையே இல்லாத அதை, சாட்டை மாதிரிக் கயிற்றை முன்னும் பின்னும் சுழற்றித்தான் தண்ணீருக்கு அனுப்ப வேண்டும். அவள் வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடும் கொடிக்கு நடுவே நின்று பழகினாள். முதல் வாரத்தில் சொந்தப் பாவாடைகளைப் பிடித்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பூனை. அதற்கடுத்து, வேலிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த பாதிரியாரின் தலையிலிருந்து பொய்முடி. அந்தப் பருவத்தில் எடுத்ததிலேயே அதுதான் பெரியது. கடைசிவரை போராடியது என்று பாதிரியாரே ஒப்புக்கொண்டார்.

படகில் முதல்முறை ஏறியபோது அவள் முகம் மாவு பூசினதுபோல் வெளுத்தது. பலகையைப் பிடித்த கை மாலைவரை விடவில்லை. ஆனாலும் ஏறினாள். ஏப்ரலில் அவளுக்குச் சீட்டில் வந்தவன் தபால்காரன். மே மாதம் ஹெப்டன். ஜூனில் வந்தவன் படகில் தூங்கிவிட்டான். ஒவ்வொரு முறையும் ஆர்னல்டின் பெயர் வேறு யாரோடாவது வந்தது. சீட்டு எடுக்கும்போது ஆர்னல்ட் சுவர் ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொள்வான். பெயர் சொன்னதும் மூச்சு விடுவான். அவன் வராமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போட்டிக்கு வராமல் இருந்தால், எதையோ மறைக்கிறான் என்று ஆகிவிடும். மறைக்கிறவன் அப்படித்தான் யோசிப்பான்.

செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. ஆர்னல்ட் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு, கடலோரம் விட்பி ஊரில் இருக்கும் தங்கையோடு வாழப் போகிறான். அக்டோபர் கடைசிப் போட்டி முடிந்ததும் புறப்பாடு.

அந்தக் கடைசி ஞாயிறு, விடிந்தும் விடியாத மாதிரி ஒரு வெளிச்சம். மலைச்சரிவில் பெரணிச்செடிகள் காய்ந்து துரு நிறத்தில் கிடந்தன. ஏரி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினதுபோல் இருந்தது. வயலிலிருந்து நெடுங்கால் பூச்சிகள் காற்றில் அடித்துக்கொண்டு வந்து தண்ணீரில் விழுந்து தத்தளித்தன. எங்கள் ஏரியின் ட்ரவுட் மீனுக்கு அது இலையுதிர் காலத்து விருந்து. மேலே வந்து ஒரு வாய், அவ்வளவுதான்.

ஹெப்டன் கெண்டிக்குள் கையை விட்டான். ஜோடி ஜோடியாகப் பெயர்கள் வந்தன. ஆர்னல்ட் தாக்ரேவுக்குத் துணை டெனிஸ் பூத். கடைசியில் ஒற்றையாக மிஞ்சியது டோரீன்.

 அவள் கரையில் நின்று பிடிப்பதற்காக, மீனை அள்ளுகிற கைவலையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வார் இரண்டு தரம் நழுவியது. கொட்டகையில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

டெனிஸ் குழாய் ரிப்பேர்க்காரன். மீன்பிடிக்கும் நாளை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சொந்த மகள் கல்யாணத்துக்கு இடுப்பளவு ரப்பர் பூட்ஸோடு வந்து, பாதிரியார் "யாருக்காவது ஆட்சேபம் உண்டா" என்று கேட்டபோது, "காத்து திரும்புது சாமி, சீக்கிரம் முடிங்க" என்றவன். அவன் இப்போது இடுப்பில் கையை வைத்தான்.

"ஐயோ. முதுகு புடிச்சிக்கிச்சு."

"இப்பத்தானேய்யா படகு மோட்டாரத் தோள்ல தூக்கிட்டு வந்தே?" என்றான் ஹெப்டன்.

"அதான் புடிச்சிக்கிச்சு. என்னால ஆகாது. ஒத்தையா இருக்கிறது யாரோ, அவங்க போகட்டும்."

சொல்லிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தான். அன்று முழுதும் என் சூப்பைக் குடித்துக்கொண்டு, சங்கிலியில் கட்டின நாய்போல ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்னல்ட் கதவைப் பார்த்தான். டோரீனைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தான். கோயில் கடாகூட இன்னும் கொஞ்சம் உற்சாகமாக நடக்கும்.

படகில் நடந்ததை டோரீனும் எனக்குச் சொன்னாள், ஆர்னல்டும் சொன்னான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமிருந்தும்.

நடு ஏரிக்குப் போனதும் மோட்டாரை நிறுத்தினான். படகு காற்றோடு விரைந்து போகாமல் இழுத்துப் பிடிக்க, கயிறு கட்டிய துணிப்பையைப் பின்னால் தண்ணீரில் இறக்கினான். இருவரும் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்தார்கள். பாதித் தண்ணீர் அவனுக்கு, பாதி அவளுக்கு. ஒருவர் பங்கில் மற்றவர் வீசக்கூடாது. வெகுநேரம் வீசினார்கள். பிறகு டோரீன் கயிற்றைச் சுருட்டினாள். கம்பைப் படகுக்குள் வைத்தாள்.

"ஆர்னல்ட், அவன் ஏன் எழுந்து நின்னான்?"

அவன் வீசிக்கொண்டே இருந்தான்.

"இங்க கரி அறை கிடையாது. வேணும்னா நீந்திப் போ. நான் தடுக்கல."

அவன் கயிற்றைச் சுருட்டி எடுத்து மறுபடி வீசினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். குதிச்சானா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடு. நாப்பது பிள்ளைங்களப் பனியில ஓட்டிட்டுப் போறவ நான். தாங்கிக்குவேன்."

ஆர்னல்டின் கயிறு பின்னால் தண்ணீரில் விழுந்தது. அவன் திரும்பினான்.

"குதிச்சானா? யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

எல்லோரையும் விட்டு ஒதுங்கித் திரிந்தவன் காதில் அது விழவே இல்லை. அவன் முகம் கோணியது. தான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஊர் எதைச் சொல்லியிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஐயோ, டோரீன். மீனு. என் மீனு. என் தூண்டில்ல மாட்டுச்சு. கிட்டத்துல இழுக்கவே முடியல, அப்படி ஓடுது. நாங்க ரெண்டு பேரும் இந்த ஏரியில அந்த மாதிரி பாத்ததே இல்ல. படகுக்குப் பின்னால போயிடுச்சு. நீ உக்காருடான்னுதான் சொன்னேன். 'எனக்கே சொல்லித் தரியா'ன்னு கைவலையத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டான். சிரிச்சிக்கிட்டே எழுந்தான். அலை ஒண்ணு அடிச்சுது. போயிட்டான்."

"அப்புறம்?"

"மேல வந்தான். கை எட்டுற தூரந்தான். வாயெல்லாம் தண்ணி. 'கம்பத் தூக்கிப் புடிடா மடையா, விட்டுடாத'ன்னான்."

டோரீனின் கை பலகையை மறுபடி பிடித்தது.

"நான் விடல. கேக்குதா? கம்ப நான் விடல. ஒரு கையில கம்பு, ஒரு கைய அவன்கிட்ட நீட்டுனேன். அதுக்குள்ள காத்து படகத் தள்ளிடுச்சு. அப்புறந்தான் கம்பப் போட்டேன். துணிப்பைய இழுத்து, மோட்டாரப் போட்டு… அவன் இல்ல."

முப்பது வருஷமாக, மீன் மாட்டினால் கம்பைத் தாழ்த்தாதே என்று பழகிய கை. அது யோசித்துச் செய்ததில்லை. இதைத்தான் அவன் விசாரணையில் சொல்லவில்லை. இதற்குத்தான் கரி அறையில் உட்கார்ந்தான்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள் டோரீன்.

"இல்ல."

நெடுங்கால் பூச்சி ஒன்று அவள் கோட்டுக் கையில் வந்து உட்கார்ந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

"எவ்வளவு பெரிய மீனு?"

ஆர்னல்ட் தண்ணீரைப் பார்த்தான்.

"பத்து பவுண்டு இருக்கும்."

"பத்தா?"

"குறையாது."

"அப்ப எழுந்துதான் நிப்பான்" என்றாள். "மடப்பய. மடப்பய." அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் படகைக் கரைக்குத் திருப்பினான். போட்டி முடிய இன்னும் நேரம் இருந்தது.

துறையில் இறங்கியதும் அவள் திரும்பிப் பார்த்து, "நீ கம்ப விட்டிருக்கணும், ஆர்னல்ட்" என்றாள்.

"ஆமா" என்றான் அவன்.

கொட்டகைக்கு வந்து, என்னிடம் நின்றபடியே எல்லாம் சொல்லிவிட்டு, ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் போய்விட்டாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஆர்னல்ட் மோட்டாரை ஒப்படைக்க வந்தான். டெனிஸ் எழுந்து வெளியே போனான். முதுகு அதற்குள் சரியாகிவிட்டது.

"பத்து பவுண்டா?" என்றேன். "இந்த ஏரியிலயா? ஹெப்டன் விட்ட மீனு எதுவும் ஏழு பவுண்டுக்கு மேல இல்லியே."

ஆர்னல்ட் இரண்டு கையையும் அகல விரித்தான், எல்லோரும் மீனின் நீளத்தைக் காட்டுவதுபோல. பிறகு மெதுவாக இரண்டையும் நெருக்கிக்கொண்டே வந்தான். ஒரு சாண்தான் மிஞ்சியது.

"ஒன்றரை பவுண்டு. முள்ளு வாயில இல்ல, வால்ல மாட்டியிருந்தது. வால்ல மாட்டுனா குஞ்சு மீனும் திமிங்கிலம் மாதிரிதான் இழுக்கும். நாங்க ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம். நான் தனியா கரைக்கு வந்தப்போ படகோரமா அது கயித்துலயே கிடந்துச்சு. அறுத்து விட்டுட்டேன்."

"அதைச் சொல்லாம…"

"ஒன்றரை பவுண்டுக்கு எவன் எழுந்து நிப்பான்னு மறுபடியும் யோசிக்க ஆரம்பிச்சிடுவா. குதிச்சான்னுதான் வந்து நிக்கும்."

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு பொய், அதையும் இவ்வளவு சிக்கனமாகவா சொல்வது?

"ஏய்யா, சொல்றதுன்னு ஆச்சு. கடைசியில டோரீனுன்னு அவ பேரச் சொன்னான்னும் ஒரு வார்த்தை சேத்திருக்கக் கூடாதா? நானா இருந்தா ஒரு பக்கத்துக்குப் பேச வச்சிருப்பேன்."

ஆர்னல்ட் தொப்பியைக் கழற்றி உதறினான்.

"மீனு என்னுது. எவ்வளவுன்னு நான் சொல்லலாம். பேச்சு அவனுது" என்றான்.

புதன்கிழமை விட்பிக்குப் போய்விட்டான். வழியனுப்ப யாரும் போகவில்லை. அவன் பாதியில் விட்ட சுவர் மலைமேல் அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளியில் ஆடுகள் போய் வருகின்றன.

டோரீன் திரும்ப ஏரிக்கு வரவில்லை. கம்பை ஹெப்டனிடம் விற்கக் கொடுத்தாள். ரொட்டிக்கடை வரிசையில் அவளே ஆரம்பித்து, "பத்து பவுண்டு மீனு, அதுக்காக எழுந்தான்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எதிரில் இருந்தது டெனிஸ். எவன் மீனுடைய எடையையும் ஒப்புக்கொள்ளாதவன், ரொட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் போனானாம். குதித்தான் என்கிற பேச்சு ஊரில் அதோடு நின்றது.

ஜனவரியில் அவளைப் பார்க்கப் போனேன். அடுப்பில் கரி குறைவாக எரிந்தது. இளைத்திருந்தாள்.

"இப்பவாவது தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"முன்ன என்ன நடந்திருக்கும்னு யோசிச்சிக்கிட்டுக் கிடப்பேன். இப்ப நடந்தது தெரியும். அதையே பாத்துக்கிட்டுக் கிடக்கிறேன். தலைய மட்டும் வெளியில நீட்டிக்கிட்டு, கம்பத் தூக்குடாங்கிறான். முப்பது வருஷம், ஒரு வார்த்தை எனக்குன்னு இல்ல." கரியைக் கிளறினாள். "நல்ல பெரிய மீனா இருந்திருக்கும், இல்ல?"

"ஆமா" என்றேன்.